அறுபத்தெட்டாம் நிமிடம்

எதிரணி கோல் போட்டால்
ஒரே ஒரு முறை, தணிந்த குரலில்,
துக்கச் செய்தி சொல்வதுபோல் பெயரைச் சொல்ல வேண்டும்.
நம் கோல் என்றால் இழுக்கலாம்,
மூச்சு முட்டும்வரை, மூன்று முறை.
எனக்குத் தந்த விதி இது.
ஏழு உள்ளூர் ஆட்டங்களாக
விதியின் முதல் பாதிதான் என் வேலை.

வாரநாளில் ஹமாசே தபால் நிலையத்தில்
மூன்றாவது ஜன்னல் நான்.
சனிக்கிழமை, மைதானத்தின் மேல்மூலையில்
ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக்,
குடுவையில் ஆறிப்போன பார்லித் தேநீர்.

காகித ஆலையின் மூன்றாம் ஷிப்டு ஆட்கள்
தூங்கப் போகாமல் உதைத்த பந்துதான்
இந்தக் கிளப்.
ஆலைச் சங்கே முதல் விசில்.
சட்டையில் கொக்கு ஏன் என்று கேட்பார்கள்.
கழிவுநீர் வாய்க்காலில் தினமும் ஒன்று நின்றது, அவ்வளவுதான்.
பொறுமை, தூய்மை என்பதெல்லாம்
பின்னாளில் நிர்வாகம் அச்சடித்தது.

ஒரே ஒரு வருடம் முதல் பிரிவில் இருந்தோம்.
முப்பத்துநான்கு ஆட்டம், நான்கு வெற்றி.
ஊரில் எவரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும்
அந்த நான்கையும் தேதியோடு சொல்வார்கள்.
மற்ற முப்பதைக் கேட்டால்
அன்றைக்கு மழை என்பார்கள்.

பிறகு ஆலை மூடியது.
மார்பில் அதன் பெயர் இருந்த இடத்தில்
ஒரு பருவம் முழுக்க வெறும் துணி.
அடுத்த ஆண்டு ஒரு பல் மருத்துவர்.
அதற்கடுத்து மீன்கேக் கம்பெனி.
இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு:
மாடிப்படியில் உருளும் பாத்திரம்
படிக்குப் படி சத்தம் போடுமே, அப்படி.

இப்போதைய பயிற்சியாளருக்கு
கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற திட்டம்.
பின்னாலிருந்தே பந்தை மெல்ல மெல்லக் கோத்து வர வேண்டும்.
வெண்ணெய் உருகுவதற்குள்
அவர்கள் இரண்டு போட்டுவிடுகிறார்கள்.

ஜூலையில், விளக்குகளின் மின்கட்டணத்துக்காக,
நிகாய்தோவை விற்றார்கள்.
எங்கள் ஒன்பதாம் எண்.
இந்த மைதானத்தில் இருபத்திரண்டு கோல்;
மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்,
அத்தனை முறை இழுத்திருக்கிறேன்.
'கா'வில் ஏறி 'தோ'வில் இறங்க வேண்டும்.
சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது
இன்னும் வாய் தானாக அந்த மேட்டில் ஏறும்.

நவம்பரில் வந்தான், பச்சைச் சட்டையில்.
கோல் இல்லை. தூறல்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்
(அதையும் நான்தான் வாசிக்க வேண்டும்).
எங்களுக்கு ஒரு கார்னர்.
தடுக்க இறங்கி வந்த ஒரு நெற்றி.
பந்து வலைக்குள்.
அவர்கள் வலைக்குள்.

அவன்தான்.

மேளம் அடிக்கும் ஓகுசாவின் கோல்
காற்றிலேயே நின்றது.

சுயகோலுக்குப் பெயர் கிடையாது.
இதுவும் விதி.
நேரத்தை மட்டும் சொல்ல வேண்டும்.
ஏழு ஆட்டம் சேர்த்த மூச்சு
தொண்டைக்கு வந்துவிட்டது,
நன்றாகத் தெரிந்த பெயரோடு.
விழுங்கினேன். மிச்சமிருந்ததைப் பிடித்துக்கொண்டேன்:
'அறுபத்தெட்டாஅஅஅஅம் நிமிடம்!'
மூன்று முறை.
இரண்டாம் முறைக்குள் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது,
அழுதவர்களும் உண்டு.

ஒன்றுக்கு பூஜ்யம். முடிந்தது.
நிகாய்தோ தனியே எங்கள் பக்கம் நடந்து வந்து
இடுப்பு வரை குனிந்தான், வெகுநேரம்.
யாரும் கேலி செய்யவில்லை என்று எழுத ஆசை.
நாலு பையன்கள் செய்தார்கள்;
ஓகுசா திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள்.
பிறகு கைதட்டல்.
மைக் அணைந்திருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு
கண்ணாடிக்குள் ஒரே ஒரு முறை சொன்னேன்,
'கா'வில் ஏறி, 'தோ'வில் இறங்கி.
கண்ணாடி கொஞ்சம் பனித்தது.

பட்டியலில் பத்தொன்பதாம் இடம்.
ஜெயிப்பதற்கு முன்னும் பத்தொன்பதுதான்.

திங்கள் காலை, ஜன்னலில் முதல் ஆள்,
வயதான ஒருவர், பார்சலை நீட்டி
முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்:
'எட்டாஅஅஅம் தேதிக்குள் போய்ச் சேருமா?'

எடை போட்டேன்.
எண்ணூற்று இருபது கிராம்.